சைரன் சாமியும் மூலை வெட்டிய பிளேட்டும்

மட்டாஞ்சேரியில் இதுவரை கத்திய எல்லாத் தொண்டைகளையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, சைரன் சாமியின் தொண்டையை மட்டும் மறுதட்டில் வைத்தால், சாமியின் தட்டுதான் தரையைத் தொடும். இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. எனக்கு யார் மேலும் அவ்வளவு மரியாதை கிடையாது. பதினோரு வருஷம் அந்த மனுஷரின் வீட்டுக்குக் கீழ் போர்ஷனில் குடியிருந்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன்.

அவருடைய உண்மைப் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. வேறெங்கும் இல்லை. அவருடைய வேலை கத்துவது.

அந்த நாளில் மிளகு வியாபாரம் இரண்டு விதமாக நடந்தது. வரப்போகிற மாதங்களின் மிளகு என்றால், ஒரு பெரிய ஹாலில் நாற்பது ஐம்பது பேர் வட்டமாக நின்று ஒரே சமயத்தில் கத்தி வாங்குவார்கள், விற்பார்கள். இதற்கென்றே ஒவ்வொரு கம்பெனியும் ஒரு தொண்டைக்காரரை வைத்திருக்கும். எங்கள் கம்பெனியின் தொண்டை சைரன் சாமி. நான் அதே கம்பெனியில் டைப்பிஸ்ட். கிடங்கில் இருக்கும் சரக்கு என்றால் கத்தல் கிடையாது. மூட்டைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நின்று, கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, அடியில் விரல்களைப் பிடித்து அழுத்தி விலை பேசுவார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் இரண்டு முகமும் அசையாது. பேரம் முடிந்தால் சரக்குக்காரர் துண்டை ஓர் உதறு உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான், முடிந்தது. அதற்குமேல் எழுத்தும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம்.

சாமி இரண்டிலும் கெட்டிக்காரர். ஹாலில் அவர் “எடுத்தாச்சு!” என்று கத்தினால், துறையில் கயிறு அவிழ்த்த படகு மறுபடி கரைக்குத் திரும்பும் என்பார்கள். திரும்பியதை நானே ஒருமுறை பார்த்திருக்கிறேன். படகுக்காரன் வேறு எதற்கோ திரும்பினான் என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். கல்யாணப் பந்தியிலோ எதிர்மாறு. வாயைத் திறக்கமாட்டார். பரிமாறுகிறவன் கையைப் பிடித்துத் துண்டுக்கு அடியில் இழுத்து இரண்டு விரலை அழுத்துவார். இரண்டு கரண்டி சாம்பார் என்று அர்த்தம். புரியாத ஒரு பையன் பயந்துபோய் வாளியை அப்படியே கவிழ்த்துவிட்டு ஓடியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தொண்டையைச் செருப்போடு வாசலிலேயே விட்டுவிடுவார். உள்ளே பேச்சு எல்லாம் காற்றுதான். பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டிக்கே இரண்டு தடவை சொல்ல வேண்டும். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாமிதான் மாடிப்படி இறங்கி வருவாள்.

“அவர் பறயறார், தண்ணி மோட்டரை அணைக்கச் சொல்லி.”

“அதை அவரே மேலேர்ந்து சொன்னா என்ன மாமி? ஊருக்கே கேக்கற தொண்டை!”

“அது கம்பெனித் தொண்டையாம். ஆத்துல எடுக்கப்படாதாம்.”

இப்படி ஒரு மனுஷர் எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், போர்ட் கொச்சியில் பழைய சாமான் கடை ஒன்றிலிருந்து ரெக்கார்டு பிளேயர் வாங்கி வந்தார். கப்பலிலிருந்து இறங்கிய எவனோ விற்றுவிட்டுப்போனது. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு பிளேட்டு. ரெக்கார்டை எங்கள் பக்கம் பிளேட்டு என்றுதான் சொல்வோம். இங்கிலீஷ் பாட்டு. பெயரே கேள்விப்படாத கோஷ்டி. அவர்களுடைய முதல் பிளேட்டு என்று உறையில் அச்சடித்திருந்தது. இரண்டாவது வந்ததாக யாரும் சொல்லவில்லை. எருணாகுளத்தில் இருந்த எல்லா ரெக்கார்டுக் கடையிலும் சாமி போய் விசாரித்தார். ஒரு கடைக்காரர், “சாமியே, பாடின ஆட்களே இதை மறந்நிருக்கும். நீங்க எதுக்குத் தேடறீங்க?” என்று கேட்டாராம். அதற்குப் பிறகு அந்தக் கடை இருக்கும் தெருவிலேயே சாமி கால் வைக்கவில்லை.

அந்த உறையின் மேல்மூலை கத்திரியால் வெட்டப்பட்டிருந்தது. விற்காமல் தேங்கிப்போன பிளேட்டுகளை அந்த ஊர்களில் இப்படி மூலை வெட்டித்தான் கிடைத்த விலைக்குத் தள்ளுவார்களாம். பழைய சாமான் கடைக்காரர் சொன்னது. வெட்டினவன் ஒரு நிமிஷம் பார்த்து வெட்டியிருக்கலாம். படத்தில் மூன்று பேர். ஒரு தாடிக்காரனும் ஒரு பெண்ணும் கிட்டாரோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் இன்னொருவர் நிற்கிறார். தோள் இருக்கிறது. நாற்காலி முதுகில் வைத்த கை இருக்கிறது. தலை இல்லை. அது மூலையோடு போய்விட்டது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. பின்பக்கம் இரண்டு பெயர் இருந்தது. மூன்றாவது பெயர் இருந்ததா என்பது அந்தக் கத்திரிக்கே வெளிச்சம்.

எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஒருத்தர் பாடிக்கொடுத்ததை வாங்காவிட்டால் போங்கள். தலையை எதற்கு வெட்டுகிறீர்கள்?

சாமியின் கட்சி, பிளேட்டில் மூன்று குரல் இருக்கிறது என்பது. கேட்பவர்கள் கட்சி, இரண்டுதான் என்பது. பின்னால் நிற்பது பெட்டி தூக்க வந்த ஆளாக இருக்கும் என்றார்கள். இதை நிரூபிக்க வேண்டும் என்பதுதான் அதற்குப் பிறகு சாமியின் வாழ்க்கையாக ஆகிவிட்டது.

தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குப் பிளேட்டு. அதற்குமுன் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பார். பாடப்போவது அவரில்லை, ஆனாலும் கொப்பளிப்பார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போடுவார். எங்கள் தெருவில் மிளகுத் தூசி படாத பொருளே கிடையாது. பிளேட்டின் கோடுகளிலும் மிளகுதான். ஊசி வைத்ததும் முதலில் கரகரவென்று வெடிக்கும். கேட்க வந்தவன் தும்முவான். அதற்குப் பிறகுதான் பாட்டு.

தபலா இல்லை, டிரம் இல்லை. இரண்டு கிட்டார். யாரோ கிட்டார் மரத்தையே விரலால் தட்டுகிறார்கள். பாட ஆரம்பிப்பதற்கு முன் மூச்சு இழுப்பது கேட்கும். ஒரு பாட்டின் நடுவில் நாற்காலி கிறீச்சென்னும், அதையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். ஆற்றங்கரையில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பைப் பற்றி முழுசாக ஒரு பாட்டு. நம் ஊரில் எழுதியிருந்தால் அந்தச் செருப்பாலேயே அடித்திருப்பார்கள். ஆனால் சாமிக்கு உயிர் அந்தச் செருப்புப் பாட்டில்தான் இருந்தது. இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு. அதில் தாடிக்காரனும் பெண்ணும் சேர்ந்து மேலே போகிற இடத்தில் மூன்றாவது குரல் சுத்தமாகக் கேட்கும் என்பார்.

“எத்தனை?” என்று ஊசியைத் தூக்கிவிட்டுக் கேட்பார்.

சாயாக்கடைக்காரர் மம்மதுக்காவை மாடிக்கு அழைத்துப் போய் உட்காரவைத்தார். மம்மதுக்கா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “சாமியே, ஒரு ஆணு, ஒரு பெண்ணு. இதிலே மூணாமத்த ஆளு எங்ஙனெ வந்நு? ரெண்டாள் பாடற இடத்திலே மூணாமன் நின்னா அடி நடக்காதா?” என்றார். அன்றிலிருந்து ஒரு வாரம் சாமி அவர் கடையில் சாயா குடிக்கவில்லை. தபால்காரர் ஒன்றரை என்றார். எப்படி ஒன்றரை வந்தது என்று நான் கேட்கவில்லை.

ஒரு சரஸ்வதி பூஜைக்குப் பிளேயரை மிளகு ஹாலுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தொண்டைக்காரர்கள் எல்லாரும் சத்ய விருந்து சாப்பிட்டுவிட்டு வட்டமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சாமி பிளேட்டைப் போட்டார். அந்த ஹால் கட்டின நாளிலிருந்து அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. சாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. “பார்த்தீரா ஓய், எப்படிக் கேக்கறா!” என்று என் காதில் சொன்னார். நான் பார்த்தேன். நாற்பது பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சேட்டு மட்டும் விழித்திருந்தார். சாமி ஓடிப்போய், “சேட்ஜி, எத்தனை குரல்?” என்றார்.

சேட்டு யோசித்துவிட்டுக் கேட்டார்: “உங்களுக்கு எத்தனை வேணும்?”

இதெல்லாம் மற்றவர்களுக்கு வேடிக்கை. கீழே குடியிருக்கிற எனக்கு வேதனை. கல்யாணம் ஆகாதவன், மெஸ் சாப்பாடு, பகல் முழுக்க டைப் அடித்த விரல்வலி. ஐந்தரைக்கு ஒரு தூக்கம் போடலாம் என்றால் தலைக்கு மேல் அதே பத்துப் பாட்டு. குடையை எடுத்து அதன் நுனியால் மச்சுப் பலகையைத் தட்டுவேன். பாட்டு நிற்காது. மாமி இறங்கி வருவாள்.

“அவர் பறயறார், கீழே மனுஷா இருந்தா மேலே வந்து கேக்கச் சொல்லி.”

ஒரு நாள் பல்வலி. கன்னம் பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. தட்டித் தட்டிக் குடைக்கம்பி ஒன்று வளைந்துவிட்டது. வெறி வந்து மாடிக்கு ஏறினேன். “ஓய்! நிறுத்தும்! மூணு! மூணு குரல்தான்! எனக்குக் கேட்டாச்சு! போதுமா?”

சாமி ஊசியைத் தூக்கினார். “எந்தப் பாட்டுல ஓய்?” என்றார், அந்தக் காற்றுக் குரலில்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். “செருப்புப் பாட்டுல.”

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குள் என்பதையும் மறந்து கம்பெனித் தொண்டையை எடுத்து ஒரு கத்துக் கத்தினார். “கேட்டாச்சு!” தெருவில் கைவண்டி நின்றது. பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: “ஒருத்தன் மட்டும் சொன்னா அது பைத்தியம் ஓய். ரெண்டு பேர் சொன்னா அது பைத்தியமில்லை. நீர் ஒருத்தர் போதும்.”

அன்றைக்கு மாமி எனக்குப் பாலடைப் பிரதமன் கொண்டுவந்து கொடுத்தாள். பல்வலியோடு குடித்தேன். இனித்தது. பொய் சொல்லிக் கிடைத்தது என்று நினைவு வரும்போதெல்லாம் பல்தான் வலிக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் மாடிக்கு இழுக்கவில்லை. யாராவது கேலி செய்தால், “கீழ் போர்ஷன்காரர் கேட்டிருக்கார், போய் அவரைக் கேளும்” என்பார். கேட்கவும் வந்தார்கள். நானும் மூன்று என்றுதான் சொன்னேன். ஒரு பொய்யை எட்டு வருஷம் காப்பாற்றியிருக்கிறேன். உண்மையை நான் அவ்வளவு காலம் காப்பாற்றியது கிடையாது.

எண்பதுகளில் ஒரு நாள் ஹாலில் அவர் தொண்டை உடைந்தது. கத்த வாயைத் திறந்தார், வீட்டுக் குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். மறுநாளும் அதே குரல். எருணாகுளத்தில் பெரிய டாக்டரிடம் காட்டினால், தொண்டையில் வளர்ச்சி, உடனே வெட்டியெடுக்க வேண்டும் என்றார். வெட்டினார்கள். குரல் போய்விட்டது. கம்பெனி ஒரே வாரத்தில் வேறு தொண்டையை வேலைக்கு வைத்தது. முதல் வாரம் ஹால்காரர்கள் ஆரஞ்சுப்பழத்தோடு வந்தார்கள். இரண்டாவது வாரம் இரண்டு பேர். அதற்குப் பிறகு எவனும் படியேறவில்லை. இருபது வருஷம் அவர் கத்தலில் பிழைத்த கூட்டம். அவர்களைப் பற்றி நான் நினைப்பதை எழுதினால் இந்தப் பத்திரிகைக்காரர்கள் அச்சடிக்கமாட்டார்கள்.

பிறகு கொடுத்த மருந்தில் காதும் மந்தமாகிவிட்டது. சிலேட்டில் எழுதித்தான் பேச்சு. எங்களைப் போன்றவர்களுக்குப் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் மலையாளம். மலையாள எழுத்தில் தமிழை எழுதிக் காட்டுவார். ஐந்தரை மணிப் பாட்டு மட்டும் நிற்கவில்லை. யார் கேட்பதற்காகப் போடுகிறார் என்று நான் யோசித்ததில்லை. குடையால் தட்டுவதை மட்டும் நிறுத்தியிருந்தேன்.

ஒரு சாயங்காலம் மாமி இறங்கி வந்தாள். “உங்களைக் கூப்பிடறார்.”

போனேன். பிளேட்டு சுற்றிக்கொண்டிருந்தது. சாமி பாதியாக இளைத்து, கழுத்தில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் மட்டும் எப்போதும்போல. சிலேட்டை நீட்டினார்.

“மூணாவது குரல் எனக்கு இப்போ கேக்கலை. மத்த ரெண்டும் கொஞ்சம் கேக்கறது. என் காது போனதா, பிளேட்டு தேஞ்சு போச்சா? நீர் கேட்டுச் சொல்லும்.”

ஊசியைச் செருப்புப் பாட்டில் வைத்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டேன். தாடிக்காரன் பாடினான். பெண் பாடினாள். இரண்டு பேரும் சேர்ந்து மேலே போனார்கள். இரண்டே பேர்.

ஒரு தலையசைப்புப் போதும். எட்டு வருஷமாகச் சொன்ன பொய்தான், இன்னொரு தடவை சொன்னால் என்ன கெட்டுவிடும்? ஆனால் அவர் என்னிடம் ஆறுதல் கேட்கவில்லை. இருக்கிறதா இல்லையா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. சிலேட்டை வாங்கி எழுதினேன்.

“எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை. அன்னிக்குப் பல்வலியில் பொய் சொன்னேன்.”

படித்தார். அடுக்களை வாசலில் நின்ற மாமியும் எட்டிப் பார்த்துப் படித்தாள். சாமி ஈரத்துணியை எடுத்துச் சிலேட்டை மெதுவாக, மூலைமூலையாகத் துடைத்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பாட்டு முடிந்து ஊசி நடுவில் போய்க் கரகரத்துக்கொண்டிருந்தது. அவர் ஹாலில் என்னைத் திட்டியிருக்கிறார், கம்பெனியே நடுங்கும்படி. அதையெல்லாம் தாங்கியிருக்கிறேன். இந்த முதுகைத் தாங்க முடியவில்லை. எழுந்து போகலாம் என்று செருப்பைத் தேடினேன்.

சாமி திரும்பினார். முகத்தில் ஒன்றும் இல்லை. கிடங்கில் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும்போது இருக்குமே, அந்த முகம். தோளிலிருந்த துண்டை எடுத்தார். என் வலது கையை இழுத்து, மேலே துண்டைப் போட்டார். இடது கையைப் பிளேயர் பெட்டியின் மரத்தில் அழுத்தி வைத்துக்கொண்டார். ஊசியை வைக்கும்படி மாமிக்குக் கண் காட்டினார்.

பாட்டு ஆரம்பித்தது. அவருக்குக் கேட்கிறதோ இல்லையோ, கிட்டாரின் தட்டல் மரத்தில் வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. துண்டுக்கு அடியில் என் கட்டைவிரலை அழுத்தினார். தாடிக்காரன் பாடினான். ஆள்காட்டி விரலை அழுத்தினார். பெண் சேர்ந்தாள். சரியாக அந்தந்த இடத்தில். ஒரு வரி பிசகவில்லை. இரண்டு குரலும் மேலே ஏறப்போகிற இடத்தில், என் நடுவிரலைப் பிடித்தார். லேசாகத்தான். பிடித்தவர் விடவில்லை.

அப்போது கேட்டது.

கிடங்கில் இரண்டு பேர் ஒரு மிளகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சில சமயம் மூட்டைக்கு அடியில் மூன்றாவது ஆள் குனிந்து ஒரு கை கொடுத்திருப்பான். எதிரே வருகிறவனுக்கு அவன் தெரியமாட்டான். மூட்டைதான் தெரியும். அப்படி இருந்தது அந்தக் குரல். மேலே போகவில்லை, கீழே வரவில்லை. ஒரே இடத்தில் நின்று, மற்ற இருவரும் விழாமல் பார்த்துக்கொண்டது. கேட்ட பிறகு, இது எப்படி இத்தனை வருஷம் கேட்காமல் போயிற்று என்று என்னையே அறையவேண்டும்போல இருந்தது. ஆணா பெண்ணா என்று இப்போதும் சொல்ல முடியாது. தலை இல்லாமல் நிற்கிறாரே, அவருக்கும் ஒரு தலை இருந்தது. அவ்வளவு தெரிந்தது.

அதே இடம் பாட்டில் இரண்டாம் தடவை வரும். அவர் அழுத்துவதற்குமுன் நான் முந்திக்கொண்டு அவருடைய நடுவிரலை அழுத்தினேன். விடவில்லை.

சாமி என்னைப் பார்த்தார். முகம் அசையவில்லை. மூக்கின் ஓரமாகக் கண்ணீர் இறங்கியது, அதற்கும் அசையவில்லை. பாட்டு முடிந்ததும் துண்டை இழுத்தார். ஓர் உதறு உதறினார். தோளில் போட்டுக்கொண்டார்.

அடுத்த மழை பிடிப்பதற்குள் போய்விட்டார். ஹாலில் செய்தி சொன்னேன். “அய்யோ பாவம்” என்றார்கள். அடுத்த நிமிஷம் கத்தல் ஆரம்பித்துவிட்டது.

பதிமூன்று நாள் கழிந்ததும் மாமி பிளேயரையும் பிளேட்டையும் என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். உறையை வாங்கும்போது சும்மா இருக்கமாட்டாமல் சொன்னேன்: “மூணு குரல்தான் மாமி. அவர் சொன்னது நிஜம்.”

“தெரியுமே” என்றாள் மாமி. “முதல் நாளே அடுக்களைலேர்ந்து கேட்டேனே. செருப்புப் பாட்டுல மட்டுமில்லை, எல்லாப் பாட்டுலயும் உண்டு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பின்னே ஏன் மாமி சொல்லலை? மனுஷர் ஊரெல்லாம் ஆள் தேடினாரே!”

“ஊரெல்லாம் கேட்டார். என்னைக் கேக்கலையே.”

செத்தவர் மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். நான் பட்டேன். பிளேயரைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது அவரைத் திட்டிக்கொண்டேதான் இறங்கினேன். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது ஐந்தரைக்குக் கீழே என் போர்ஷனில்தான் பிளேட்டு. வலது கையைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். அழுத்த ஆளில்லை, இருந்தாலும் வைத்துக்கொள்கிறேன். என்றைக்காவது நான் அசந்துபோய், ஐந்தரை தாண்டிவிட்டால் மேலேயிருந்து மாமி தரையைத் தட்டுவாள். மரப்பலகையில் குடைநுனி படுகிற சத்தம் எனக்குத் தெரியாதா?

கம்பி வளைந்த அந்தக் குடையை நான்தான் மாமியிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.